செம்மண்ணும் மின்னோட்டமும்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் மண் சிவந்து கிடக்கக் காண்கிறோம். 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறத்தும் அதே செம்மண், அதே வெட்டுக்கல், மேட்டிலே அதே தென்னையும் மரச்சீனியும். இடிமழையும் இருவர்க்கும் பொதுவே.

சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இப்பகுதியில் மின்னல் மிகுகின்றது. ஐப்பசியில் மண் நனைந்திருக்கும். சித்திரையிலோ பல வாரத்து வெயிலில் மேல்மண் வறண்டிருக்கும். மின்னலை நிலத்துள் இறக்க நாம் புதைத்த கம்பி அவ்வறண்ட மண்ணில் நின்றால் அதன் பயன் குன்றும். மண் எப்பொழுது மின்சாரத்தை ஏற்கும், எப்பொழுது மறுக்கும் என்ற வினாவில் இவ்வூர் மக்களின் உயிர் அடங்கியிருக்கிறது.

ஜெர்மானிய அறிஞர் ஸ்டைன்ஹைல் 1838-இல் தந்திக்குக் கம்பியாக இருப்புப்பாதையின் தண்டவாளங்களையே பயன்படுத்த முயன்றார். மின்சாரம் வழியிலேயே மண்ணுள் ஒழுகிப் போயிற்று. முயற்சி தோற்றதெனினும், மண்ணே ஒரு கம்பியின் வேலையைச் செய்யும் என்பது புலனாயிற்று. தந்திக்கு இரு கம்பிகளுக்குப் பதில் ஒன்றே போதுமென்றாயிற்று.

எல்லா மண்ணும் ஒருபடித்தாகக் கடத்துமோ? 1897-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையினரான விட்னியும் அவருடைய துணைவர்களும் மின்தடையைக் கொண்டு மண்ணின் ஈரத்தை அளக்க முற்பட்டனர். உப்பும் வெப்பமும் குறுக்கிட்டுக் கணக்கைக் குலைத்தன. அக்குழப்பத்திலேதான் உண்மை இருந்தது. மண்துகள்கள் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அவற்றின் இடைவெளிகளில் நிற்கும் நீரும் அதிற் கரைந்த உப்புக்களுமே கடத்துகின்றன. களிமண்ணாயின் துகளின் மேற்பரப்பும் துணைபுரியும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கடத்துந்திறன் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு கூடும். பின்னர் 1915-இல் வென்னர் என்பார், நான்கு கோல்களைச் சம இடைவெளியில் ஒரே வரிசையில் நட்டு, புறக்கோல் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உட்கோல்களிடையே மின்னழுத்தத்தை அளக்கும் முறையை வகுத்தார். கோல்களின் இடைவெளியை விரிக்க விரிக்க, ஆழத்து மண்ணின் தன்மை தெரியவரும். இன்றும் பொறியாளர் கையாளும் முறை இதுவே.

இனி நம் வெட்டுக்கல்லுக்கு வருவோம். மலபாரில் அங்காடிப்புறத்தருகே இதைக் கண்ட புக்கானன், செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1807-இல் ‘லாட்டரைட்’ என்று பெயரிட்டார். ஈரத்தில் வெட்ட இசையும், காற்றுப்பட்டால் இறுகும். உடலெங்கும் துளைகள். பெய்த மழையை விரைவில் கீழே விட்டுவிடுவதால் கோடையில் கிணற்று நீர் தாழ்வதை இவ்வூரார் நன்கறிவர். இதிலுள்ள களியும் பெரும்பாலும் கயோலின் இனம். கோவில்பட்டிக் கரிசலைப் போல மின்னூட்டத் துகள்களை மிகுதியாகப் பற்றிவைப்பதன்று. எனவே உலர்ந்த வெட்டுக்கல் மேடு மின்சாரத்தைப் பெரிதும் தடுக்கிறது. ஈரக் களிமண்ணின் தடை சில பத்து ஓம்-மீட்டர் அளவே. காய்ந்த சரளையிலும் பாறையிலும் அது ஆயிரத்தையும் கடக்கும். (கரிசலுக்கும் குறை உண்டு: கோடையில் வெடித்துக் கம்பியைக் கைவிட்டுவிடும்.)

திருவனந்தபுரத்தில் மின்விளக்கு எரிந்தது 1929-இல்; பள்ளிவாசல் நீர்மின்சாரம் பிறந்தது 1940-இல். மின்சாரம் பரவியபோதே, மின்பணியாளர் ‘எர்த்து’ எனும் நிலத்தொடர்புக் குழியும் வீடுதோறும் வேண்டியதாயிற்று. இந்தியத் தர நிறுவனம் 1966-இல் ஐ.எஸ். 3043 என்ற நெறியை வெளியிட்டது. குழியில் கரியும் உப்பும் இடும் வழக்கம் யாவரும் அறிந்ததே. கரி ஈரத்தைப் பற்றும். உப்பு நீரைக் கடத்தியாக்கும். ஆனால் இங்கே பெய்யும் இரு பருவமழையும் அவ்வுப்பைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். அது கம்பியையும் தின்னும். ஆதலால் மேட்டில் வீடு கட்டியவர், கம்பியை நீளச் செலுத்தியேனும் தாழ்ந்த ஈரப் பள்ளத்தில் குழியமைப்பது நன்று. அதற்கு இடமில்லையேல், கோடையிலும் ஈரம் வற்றாத ஆழம்வரை தோண்டி, களிமண் இட்டு, இடைவெளியின்றித் திமிசு போடவேண்டும். மாசி பங்குனியில் குழியில் நீர் ஊற்றுதலும், சித்திரை பிறக்குமுன் அதன் தடையை ஒருமுறை அளந்து பார்த்தலும் வேண்டும். மழைக்காலத்தில் அளந்த எண் நம்மை ஏமாற்றும்.