கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும்: உத்தரமேரூர் இரண்டாம் வியவஸ்தையின் மறுவாசிப்பு

சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) உத்தரமேரூர்ச் சபை செய்து கல்லில் வெட்டிய இரண்டு வியவஸ்தைகளும் (விதி ஏற்பாடுகளும்) ஒரே ஆவணத்தின் சுருக்கமும் விரிவும் என்பது போலவே ஆய்வுலகில் வழங்கி வருகின்றன. ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றிலிருந்து எடுத்து நிரப்பி, இரண்டையும் சேர்த்து, குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து ஆளைத் தேரும் 'குடவோலை முறை' என்று ஒரே சித்திரமாகத் தீட்டிவிடுகிறோம். மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்று தேடியவர்களும் அந்தத் தேடலை மறுத்தவர்களும் இந்தக் கலவைச் சித்திரத்தை வைத்துக்கொண்டுதான் வாதிட்டார்கள். இரண்டாவது கல்வெட்டை முதலாவதன் திருத்தமாக, விதிக்கு விதி எதிரெதிரே வைத்துப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது என்பதே என் வாதம். அந்தச் செய்தியின் மையத்தில் தேர்தல் இல்லை; கணக்கு இருக்கிறது.

தகுதி விதிகளிலிருந்து தொடங்குவோம். 919இல் குடவோலைக்குப் பெயர் எழுதப்பட வேண்டியவர் கால் வேலிக்கு மேல் இறை நிலம் உடையவர். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர். முப்பதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்ட வயதினர். வேதத்திலும் சாத்திரத்திலும் காரியத்திலும் வல்லவர் என்று பெயர் எடுத்தவர். பொருளிலும் மனத்திலும் தூய்மை உடையவர். கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் (நிருவாகக் குழுப்) பொறுப்பு வகிக்காதவர். வாரியம் செய்து ஓய்ந்த பெருமக்களுக்கு நெருங்கிய உறவினர் அல்லாதவர். 921இல் வயது வரம்பு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குக் கீழ் என மாறுகிறது. வல்லவர் என்று பெயர் எடுத்திருந்தால் மட்டும் போதாது. மந்திர பிராமணம் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலியே உடையவராயினும் ஒரு வேதத்தில் வல்லவராய் நான்கு பாடியங்களுள் ஒன்றை விளக்கத் தெரிந்தவராய் இருந்தால் அவர் பெயரையும் குடத்தில் இடலாம் என்ற சலுகை இரண்டாவதில் தெளிவாக இடம் பெறுகிறது.

வயது மாற்றத்தை நாம் அளவுக்கு மீறிப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வரம்பின் அகலம் முப்பது ஆண்டிலிருந்து முப்பத்தைந்தாகக் கூடுவதைப் பார்த்து, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க வாசலை அகலத் திறந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அக்காலத்து ஓர் ஊரில் அறுபது முதல் எழுபது வரையிலானவர்களைக் காட்டிலும் முப்பது முதல் முப்பத்தைந்து வரையிலானவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள். எனவே இந்த மாற்றத்தால் ஆள் தொகை கூடியிருக்கும் என்று கொள்வதற்கில்லை. திருத்தத்தின் உண்மையான நோக்கம் உறவினர் பற்றிய விதியில்தான் வெளிப்படுகிறது.

919இன் விதி பொதுப்படையானது. பதவி முடித்த எவருக்கும் நெருங்கிய உறவினர் என்றால் அவர் விலக்கப்படுவார்; எந்த உறவு நெருக்கம், எது தூரம் என்ற வரையறை அதில் இல்லை. 921இல் இந்தப் பொதுத் தடையின் இடத்தில் வேறொன்று வந்து நிற்கிறது. எந்த வாரியமாயினும் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் விலக்கப்படுகிறார். அவரோடு அவர் உறவினரும் விலக்கப்படுகிறார்கள். உறவினர் யார் யார் என்பது இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகிறது. சிற்றவை பேரவை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவர், தந்தையுடன் பிறந்தவர், தம்முடன் பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்தவர், உடன்பிறந்தாளை மணந்தவர், உடன்பிறந்தாள் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இந்தப் பட்டியலை வெறும் விரிவுரை என்று கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிக் கருதவில்லை. முதலில், தடையின் பரப்பு சுருங்கியிருக்கிறது. பதவி வகித்த அனைவரின் சுற்றத்தையும் தழுவிய விலக்கு, கணக்குக் காட்டாதவரின் சுற்றத்துக்கு மட்டும் உரியதாகிறது. கொண்டு கொடுத்து வாழும் ஒரு பிரமதேயத்தில் (பிராமணர் ஊரில்) ஆண்டுதோறும் வாரியங்களுக்கு எடுக்கப்படும் முப்பது பேரும் அவர்களுடைய நெருங்கிய உறவினர் எல்லாரும் விலகி நின்றால், சில ஆண்டுகளிலேயே சில குடும்புகளில் (ஊர் வட்டங்களில்) எழுதுவதற்குப் பெயர் இல்லாமல் போயிருக்கும். நெருக்கம் எது என்ற வழக்கும் முடிவில்லாமல் நீண்டிருக்கும். முறையாகக் கணக்குக் காட்டி இறங்கியவரின் தம்பிக்கு இனித் தடை இல்லை. காட்டாதவரின் மைத்துனனுக்குக்கூட இடமில்லை.

அடுத்து, பட்டியல் அமைந்த வரிசை. தந்தையும் மகனும் கடைசியில் வருகிறார்கள். பெரியம்மா சித்தி மக்களும் அத்தை மாமன் மக்களும் தொடக்கத்திலேயே நிற்கிறார்கள். தகப்பனோ மகனோ நெருங்கிய உறவுதானா என்று எவரும் கேட்டிருக்க முடியாது. அத்தை மகனையும் மாமன் மகனையும் பற்றித்தான் கேட்டிருக்க முடியும். கேள்வி எழுந்த இடத்திலிருந்து பட்டியல் தொடங்குகிறது என்று ஊகிக்கிறேன். இது ஊகமே. ஆயினும் ஒரு சபை கல்லில் வெட்டி வைக்கும் பட்டியலில் எந்த உறவு முதலில் வருகிறது என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது காரணமே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரே கோத்திரத்தார், ஒரே குலக்கிளையினர் வாரியங்களைத் தம் பிடியில் வைத்துக்கொள்வதைத் தடுக்கவே இவ்விதி எழுந்தது என்று ஒரு சாரார் விளக்குவதுண்டு. பட்டியல் இந்த விளக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மாமனார், மைத்துனர், தமக்கை கணவர், மருமகன், மாமன் மகன், அத்தை மகன் எல்லாரும் மணமுறையின்படி வேறு கோத்திரத்தார். கிளைவழி ஆதிக்கத்தை மட்டும் தடுப்பது நோக்கமானால் இவர்களைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. விதியை வகுத்தவர்கள் ஊர்ப் பொருள் எந்த வழியாகக் கை மாறும் என்பதை அறிந்திருந்தார்கள். பங்காளிக்குள் பொருள் போவதைப் போலவே பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும் போகும். கணக்கு முடிக்காத ஒருவர் மீண்டும் வர முடியாதபோது தம் இடத்தில் யாரை அனுப்பிப் பழைய ஓலைகளை மூடி மறைப்பார்? மருமகனையோ மைத்துனனையோ அனுப்பக்கூடும். பட்டியல் அடைப்பது அந்த வாசலைத்தான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெரியப்பா சித்தப்பா மக்கள் பட்டியலில் தனியாக வரவில்லையே? சிற்றவை பேரவை என்ற முறை தாயின் உடன்பிறந்தாளுக்கும் தந்தையின் உடன்பிறந்தான் மனைவிக்கும் பொது. ஆகவே அவர்களும் அதில் அடங்குவர்.

விலக்கப்பட்டோரின் வரிசையில் கணக்குக் காட்டாதவர் முதலிடம் பெறுவதையும் கவனிக்க வேண்டும். பஞ்சமா பாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர் அவருக்குப் பின்னரே வருகிறார். அவருடைய உறவினருக்கும் அதே பட்டியல் பொருந்தும் என்கிறது கல்வெட்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவரும் தகாதன உண்டவரும் இன்னும் கீழே. தருமசாத்திரத்தில் ஊறிய ஒரு வேதியர் சபை, உறவினர் தடையைக் கணக்குக் காட்டாமைக்கென்று வகுத்துவிட்டு, அதையே மாபாதகத்துக்கும் நீட்டுகிறது. கணக்கு விதி முதல் வியவஸ்தையில் இல்லாதது. புதிதாகச் சேர்ந்த விதி வரிசையின் தலையில் நிற்கிறதென்றால், இரண்டாம் வியவஸ்தைக்குக் காரணமான சிக்கல் எது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வளர வேண்டும் என்று சபை கூறும் நோக்கவுரையை மரபான மங்கலத் தொடராக மட்டும் கொள்பவர்கள் இந்த வரிசையைக் கணக்கில் எடுப்பதில்லை.

குடவோலை எடுக்கும் முறையும் இதே வழியில்தான் மாறுகிறது. முப்பது குடும்புக்கும் ஓலை எழுதிச் சேரிவாரியாக (தெருவாரியாக)த் திரட்டி, உருவறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிக்க வேண்டும் என்ற அளவில் 919 நின்றுவிடுகிறது. 921இல் கைகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. குடும்புதோறும் பெயரோலைகளைத் தனித்தனியே கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை பூட்டிக் குடத்தில் இட வேண்டும். இளையோரும் முதியோருமாக மகாசபை நிறைவுறக் கூடியிருக்க வேண்டும். அன்று ஊரில் இருக்கும் நம்பிமார் (கோயில் அர்ச்சகர்) ஒருவரும் ஒழியாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு மேல்நோக்கி எடுத்து நிற்க வேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அது வேறொரு குடத்தில் அவிழ்த்துக் கொட்டிக் குலைக்கப்பட வேண்டும். அதிலிருந்து அவன் எடுக்கும் ஓலையைச் சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்க வேண்டும். மத்தியஸ்தன் வாசித்த பிறகு அதே ஓலையை மண்டபத்திலிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

விரித்த கையில் இன்னோர் ஓலையை மறைத்து வைக்க முடியாது. பலர் வாசித்த பெயரை மாற்றிச் சொல்லவும் முடியாது. கட்டவிழ்த்துக் கலைத்த குடத்தில் எந்த ஓலை எங்கே கிடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இவை எல்லாம் சடங்கின் அலங்காரம் என்று எழுதப்பட்டதுண்டு. அலங்காரம் என்றால் அது முதல் வியவஸ்தையிலேயே இருந்திருக்க வேண்டும். ஓலை கை மாறும் இடங்களிலெல்லாம் 921 புதிதாக ஒரு காவலை வைக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இடங்களில் கைவரிசை நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. நடந்தது, அல்லது நடந்ததாக ஊரில் பேச்சு இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

இவை அரசாணைகள் அல்லவா, சபையின் அனுபவத்தை அவற்றில் தேடுவது முறையா என்ற மறுப்பு நெடுநாளாக உண்டு. இரண்டிலும் அரசனின் ஸ்ரீமுகம் (ஆணை ஓலை) வந்தது. இரண்டிலும் அரசன் சார்பாக ஒருவர் சபையில் உடனிருந்தார். 919இல் அவர் தத்தனூர் மூவேந்தவேளான். 921இல் சோமாசிபெருமான் என்ற பிராமணர். ஆணை தஞ்சையிலிருந்து வந்திருக்கலாம். முப்பது குடும்பு, பன்னிரண்டு சேரி, மைத்துனன், மருமகன், வாயோலை, இரண்டாவது குடம் ஆகியவை அங்கிருந்து வந்திருக்க முடியாது. இந்த மறுப்புக்கு இதற்கு மேல் இடம் கொடுப்பது அவசியமில்லை.

நிலமுள்ள, வேதம் கற்ற, ஆண் பிராமணர்களுக்கு மட்டும் திறந்திருந்த ஒரு குடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது உண்மை. அதை மக்களாட்சி என்று அழைப்பதற்கு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் விலக்கப்பட்டவர்களின் தொகையைச் சுட்டிவிட்டு ஆவணத்தை மூடிவிடும் விமரிசனம், உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மீது ஒருவர் வைத்திருந்த அவநம்பிக்கையைத் தவறவிடுகிறது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்ற முப்பதின்மரும், பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியே எடுக்கப்பட்டவர்களும் நீரையும் பொன்னையும் கையாண்டார்கள். மதகு எப்போது திறக்கும் என்பது குடத்தில் பெயரே இல்லாத உழுகுடிகளின் வயலையும் தொட்டது. அவர்களுக்கு அந்தச் சபையில் குரல் இல்லாததாலேயே கணக்குக் காட்டும் கட்டாயம் எடை கூடுகிறது.

919இன் சொற்கள் ஊர் மதிப்பை நம்பியிருந்தன. வல்லவர் என்ற பெயர், நெருங்கிய உறவு என்ற பொதுப் பேச்சு ஆகியவை ஒருவர் ஒப்பும்போது மற்றொருவர் மறுக்கக்கூடியவை. 921 அவற்றைச் சோதிக்கக்கூடிய செய்திகளாக மாற்றப் பார்க்கிறது. ஓதுவிப்பாரா, கணக்குக் காட்டினாரா, யாருடைய மருமகன் என்பவற்றுக்கு ஊரில் எவரும் ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். மாற்றம் முழுமையானது என்று நான் சொல்லவில்லை. பொருள்தூய்மையும் ஆத்மதூய்மையும் இரண்டாவதிலும் அப்படியே நிற்கின்றன.

வியவஸ்தையின் இறுதிப் பகுதி கணக்கனைப் பற்றியது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத பகுதி இது. கணக்கு எழுதியவன் பெருங்குறிப் பெருமக்களிடம் (மகாசபையாரிடம்) அதைக் காட்டிச் சுத்தன் என்று தேறிய பிறகே மறுபடி கணக்கெழுதப் புகலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கர் உள்ளே புகுந்து அதை ஒடுக்கித் தரக் கூடாது. வாரியப் பெருமகனுக்கு மைத்துனன் வழி அடைக்கப்பட்டதைப் போலவே கணக்கனுக்கு மாற்றுக் கணக்கன் வழி அடைக்கப்படுகிறது. சபையார் பணிக்க இந்த வியவஸ்தையை எழுதியவன் அவர்களுடைய மத்தியஸ்தன். ஓலையை ஏற்கும்போது ஐந்து விரலையும் விரித்துக் காட்ட வேண்டும் என்று அதே வியவஸ்தை கட்டளையிடுவதும் மத்தியஸ்தனுக்குத்தான்.