செயற்கைக்கோள் திசையமைவுக் கட்டுப்பாடு

விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளை வேண்டிய பக்கம் திருப்பி, அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் தொழில்நுட்பம் திசையமைவுக் கட்டுப்பாடு எனப்படும். கேமரா புவியையும், சூரியத் தகடுகள் சூரியனையும், அலைவாங்கி தரைநிலையத்தையும் நோக்கியிருக்க இதுவே வழிசெய்கிறது.

1957இல் ஏவப்பட்ட ஸ்புட்னிக்-1இல் இந்த ஏற்பாடு இல்லை. 1958இல் அமெரிக்காவின் எக்ஸ்புளோரர்-1, திசை மாறாதிருக்கும் பொருட்டு நீளவாக்கு அச்சில் சுழலவிடப்பட்டது. ஆனால், அதன் வளையும் அலைவாங்கிகள் ஆடி ஆடிச் சுழல் ஆற்றலைக் குறைத்தன. கோள் விரைவிலேயே குறுக்குவாக்கில் புரளத் தொடங்கியது. ஆற்றலை இழக்கும் பொருள், நிலைமத் திருப்புத்திறன் மிகுந்த அச்சிலேயே நிலைகொள்ளும் என்ற பாடம் இதனால் உறுதிப்பட்டது. டைரோஸ், சின்காம் போன்ற பிற்காலச் சுழல் கோள்கள் அகன்ற, குட்டையான உருளைகளாக அமைந்தன.

சோவியத் ஒன்றியத்தின் லூனா-3 படமெடுக்கும்போது சுழற்சியை நம்பவில்லை. 1959 அக்டோபரில் அதன் ஒளியுணரிகள் சூரியனையும் நிலவையும் இனங்காண, வாயுத் தாரைகள் கலத்தைத் திருப்பி நிறுத்தின. நிலவின் மறுபக்கம் முதன்முறையாகப் படமானது அப்படித்தான்.

1960 ஏப்ரலில் ஏவப்பட்ட டைரோஸ்-1இன் சுழலச்சைப் புவியின் காந்தப்புலம் எதிர்பாராமல் சாய்த்தது. அதே ஆண்டு நவம்பரில் டைரோஸ்-2 ஒரு மின்சுருளைச் சுமந்து சென்று, அந்தக் காந்தப்புலத்தையே திசைதிருப்பப் பயன்படுத்தியது. 1963இல் அமெரிக்கக் கடற்படையின் டிரான்சிட் கோள் ஒன்று நீண்ட தண்டை நீட்டி, புவியீர்ப்பின் துணையாலேயே ஒரு முகத்தைத் தரைநோக்கி நிறுத்தியது.

மூன்று அச்சுகளிலும் துல்லியமாக நிறுத்த இன்று பரவலாகப் பயன்படுவது எதிர்வினைச் சக்கரம். மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் முடுக்கினால் கோள் எதிர்ப்பக்கம் திரும்பும். இதற்கு எரிபொருள் வேண்டாம், சூரிய மின்சாரமே போதும். விண்மீன் உணரிகள் திசையைக் கணித்துச் சொல்கின்றன. எனினும் சூரிய ஒளியின் இடைவிடாத அழுத்தம் போன்ற புறவிசைகளைச் சமாளிக்கையில் சக்கரத்தின் வேகம் ஏறிக்கொண்டே போகும். காந்தச் சுருளோ உந்துபொறியோ அவ்வப்போது அதைத் தணிக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா (1975) சுழல் வகை. மூவச்சு முறையில் நிலைநிறுத்தப்பட்ட முதல் இந்தியக் கோள், 1981 ஜூன் 19இல் ஏரியன் ஏவூர்தியில் சென்ற ஆப்பிள்.

புறவிசையையே துணையாகக் கொள்ளும் உத்திக்குச் சிறந்த சான்று கெப்ளர் விண்தொலைநோக்கி. 2012, 2013 ஆண்டுகளில் அதன் நான்கு சக்கரங்களுள் இரண்டு பழுதாயின. எஞ்சிய இரண்டைக் கொண்டும் சூரிய ஒளியின் அழுத்தத்தைச் சமன்செய்தும் பொறியாளர்கள் அதை மீண்டும் நிலைநிறுத்தினர். 2014 முதல் ‘கே2’ என்ற பெயரில் தொடர்ந்த அந்தப் பணி, எரிபொருள் தீர்ந்த 2018 வரை நீடித்துப் பல நூறு புறக்கோள்களைக் கண்டறிய உதவியது.