நிலாத் தோணியும் பாடும் மீனும்

'மீன்பாடும் தேனாடு' என்ற தொடர் இல்லாமல் மட்டக்களப்பில் ஒரு மேடைப் பேச்சும் முடிவதில்லை. ஆனால், நேயர்களே, அதைச் சொல்கின்ற நம்மில் எத்தனை பேர் அந்தப் பாட்டைக் காதாரக் கேட்டிருக்கிறோம்?

கோடைகால முழுநிலவில் தோணியேறி வாவி நடுவே சென்று, துடுப்பை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பது முன்னர் இந்நகரத்தாரின் பொழுதுபோக்காக இருந்தது. செலவில்லை, ஆரவாரமில்லை. கேட்பதே விளையாட்டு.

இதை ஆங்கில நூலில் விரிவாக எழுதியவர் எமர்சன் ரெனன்ற். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த அவர், 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது வாவியின் அடியிலிருந்து எழும் இசையைப் பற்றி விசாரித்தார். நிலவு எழுந்ததும் மீனவர் அவரை ஒல்லாந்தர் கோட்டை வாயிலின் இறங்குதுறையிலிருந்து சிறிது தூரம் தோணியில் அழைத்துச் சென்றனர். அன்று காற்றும் இல்லை, அலையும் இல்லை. ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவும்போது எழுவது போன்ற மெல்லிய ஒலிகள், தடித்தும் மெலிந்தும் பலவாக எழுந்தன. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அவை பெருகின. 1859இல் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய நூலில் இச்செய்தி உள்ளது.

பாடும் மீனை ரெனன்ற் 'கண்டுபிடித்தார்' என்று நம்மவர் சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கே ஒலி கேட்கும், எப்போது கேட்கும் என்பதெல்லாம் மீனவர் சொல்லிக்கொடுத்த பாடம். வறட்சிக் காலத்தில் ஒலி உண்டு, மழை வெள்ளம் வாவியில் இறங்கியதும் அடங்கிவிடும் என்றவர்களும் அவர்களே. ஒருவகை ஊரியே அந்த ஒலியை எழுப்புகிறது என்றும் அவர்கள் கூறினர். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

விபுலாநந்த அடிகளோ அந்த வழக்குக்குள் போகவில்லை. வாவியின் இசையை நீரரமகளிர் பாடலாகக் கண்டு கவிதை செய்தார். 1947இல் 'யாழ் நூல்' தந்த அவர் கல்லடி உப்போடையில் வாவிக்கருகே வாழ்ந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த யேசு சபைக் குருவான லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்ய, அது வானொலியிலும் ஒலித்தது. தோணி ஏறாதவர்களுக்கும் அன்று பாட்டுக் கிடைத்தது.

1920களில் எழுந்த கல்லடி இரும்புப் பாலம், ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கியது. மாலையில் அதன்மேல் காற்று வாங்குவோரும், இரவில் அதனடியில் தோணி நிறுத்திப் பாட்டுக் கேட்போரும் இருந்தனர்.

பிறகு போர் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் பிறந்த எனக்கு வாவி என்றால் அச்சம்தான். 1990இன் பின் அது இரு கரைகளுக்கும் நடுவே எல்லையாயிற்று. நகரமும் எழுவான்கரையும் படையினரிடம், படுவான்கரை புலிகளிடம். 2007 வரை இந்நிலை நீடித்தது. இருட்டிய பின் நீரில் தோணி இறக்க யாருக்குத் துணிவு வரும்? மீன் பாடுவதற்கு வேண்டிய நிசப்தம் அந்த இரவுகளில் நிறையவே இருந்தது. கேட்கப் போகத்தான் ஆளில்லை. எந்தத் துறையில், எந்த மாதத்தில், எப்படிக் கேட்பது என்பதைத் தகப்பனிடமிருந்து மகன் கற்கும் வழி அங்கேதான் அறுந்தது.

2013இல் கல்லடியில் புதிய பாலமும், 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. மக்கள் மீண்டும் மாலையில் கரைக்கு வருகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் ஒலிபெருக்கியும் இயந்திரப் படகும் கூடவே வந்துவிட்டன. குப்பையும் கழிவுநீரும் வாவியில் சேர்கின்றன. வகுப்பில் ஒருநாள், பாடும் மீனைக் கேட்டவர் யார் என்று வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. "எங்கட அப்பாவும் கேட்டதில்லை சேர்" என்றான் ஒருவன்.

கேட்க விரும்புவோருக்கு ஒரு வழி சொல்கிறேன். சித்திரை முதல் புரட்டாதி வரையுள்ள முழுநிலா இரவுகளே ஏற்றவை. கல்லடிப் பழைய பாலத்தின் அருகே, இயந்திரமில்லாத தோணியில், ஊர் உறங்கியபின் போக வேண்டும். துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு சேர்த்துப் பிடியுங்கள். முதல் அரைமணி நேரம் ஒன்றும் கேட்காமற் போகலாம். தோணிக்காரரை அவசரப்படுத்த வேண்டாம்.