தீவகத்துப் பனையின் கதை

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளில் மண் மெல்லியது. அதன் அடியில் சுண்ணாம்புக்கல். மாரிமழை பாறைவழியே இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். மாவும் வாழையும் கருகும். வறட்சியையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்பது பனையே.

இயற்கை வீழ்த்தாத அப்பனையை அதிகாரம் வீழ்த்தியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில் பனைமரம் கப்பலேறி வணிகப் பொருளாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில், வடபுலத்துப் பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன.

வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பது எத்துணை நெடிய காத்திருப்பு என்பதை நம்மூர்ப் பழமொழி அறியும். அக்காத்திருப்பின் சுமை, சீவியும் ஓலை பின்னியும் பிழைத்த உழைப்பாளியின் தலையிலேயே விழுந்தது.

ஆகவே மரத்தின் நலிவை ஆராய்வோர் மண்ணையும் நீரையும் மட்டுமன்று, கோடரியை ஏவியவர் யார் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.