அரபுத்தமிழ் நூற்பட்டியலாக்கம்

அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் நூல்களை நூலகத்தில் பதிவு செய்யும் முறை. ‘அர்வி’ எனவும் வழங்கும் இவ்வெழுத்தைத் தமிழக, இலங்கை முஸ்லிம்கள் கையாண்டனர். அரபியில் இல்லாத ட, ப, ண, ள முதலிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொண்டனர். காயல்பட்டினமும் கீழக்கரையும் இதற்குப் பேர்போனவை. தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர் வட்டாரத்தின் பழைய வீடுகளிலும் மதரஸாக்களிலும் இந்நூல்களைத் தேடிப் பார்க்கலாம். இப்பகுதிக் குடும்பங்கள் பல சிங்கப்பூரில் குடியேறியதால் தேடலை அங்கும் நீட்டிக்க வேண்டும்.

தலைப்பு பெரும்பாலும் அரபியில் இருக்கும், உள்ளே தமிழ். அரபு மட்டும் அறிந்த நூலகர் தலைப்பைப் பார்த்து அரபு அலமாரிக்கு அனுப்பிவிடுவார். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு எழுத்தே பிடிபடாது. நூல் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருப்பதால் முகப்புத்தாள் நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரியும். பதிவெண் முத்திரையைத் தவறான முனையில் குத்திவிடுவது எளிது.

மொழியும் எழுத்தும் வேறுவேறு என்பதே இங்கு அடிப்படை விதி. மார்க் (MARC) என்னும் கணினிப் பட்டியல் வடிவப் பதிவில் மொழிக் குறியீடு தமிழுக்குரியது; 546ஆம் புலத்தில் ‘தமிழ், அரபு எழுத்தில்’ என்ற குறிப்பு; 880ஆம் புலத்தில் மூல எழுத்திலேயே தலைப்பு. இவற்றோடு தமிழ் எழுத்தில் ஒரு மாற்றுத் தலைப்பையும் தருவது நல்லது. அது இல்லாவிட்டால் உள்ளூர் வாசகருக்கு அந்தப் பதிவால் பயனில்லை. டூயி வகைப்பாட்டு எண் பொருளைப் பொறுத்தது: சமய நூல் 297இல் சேரும், தமிழ் இலக்கியமானால் 894.811.

ஆசிரியர் பெயரிலும் சிக்கல் உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) ஒருவரே செய்யிது முஹம்மது எனவும் இமாமுல் அரூஸ் எனவும் வழங்கப்படுகிறார். ஒரு வடிவத்தைத் தலைப்பாக்கி மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். பதிப்பாண்டிலும் கவனம் தேவை: ஹிஜ்ரி 1290 என்று அச்சிட்டிருந்தால் அது 1873 அல்லது 1874. இரண்டையும் அடைப்புக்குறியில் தருவதே நேர்மை.

மொழிக் குறியீட்டைப் பொறுத்தவரை, கிழக்கு ஐரோப்பாவின் ருசின் மொழிக்கு நேர்ந்தது அரபுத்தமிழ் நிலையின் மறுபக்கம். அதை உக்ரைனியத்தின் கிளையாகக் கருதுவோர் இருப்பதால் அதன் நூல்கள் உக்ரைனிய நூல்களோடு கலந்துபோயின. ஸ்லோவாக்கியாவில் எழுத்துநெறி அறிவிக்கப்பட்டதே 1995இல்தான். ஐ.எஸ்.ஓ. 639-3 தரத்தில் அதற்குத் தனிக் குறியீடு உண்டு. ஆனால் அரபுத்தமிழுக்குத் தனி மொழிக் குறியீடு கேட்பது பொருந்தாது, அது தமிழே.

ஊர்ப் பெயருக்கும் கட்டுப்பாடு தேவை. ஆங்கிலப் பதிவுகளில் தென்காசிப் பக்கத்துக் குற்றாலம் பல எழுத்துக்கூட்டல்களில் வரும். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தோடு குழம்பவும் கூடும். தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பதிவுகளில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருப்பதை அழிக்காமல் இரண்டு தலைப்புகளையும் இணைத்துவிட வேண்டும்.