பழுதின்றிச் சேர வேண்டிய வரி

நிரல் என்பது கணினி செய்ய வேண்டியவற்றை அதற்குப் புரியும் மொழியில் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பு. ஒரு சிக்கலைக் காட்டுவதற்காகவோ ஒரு வழியைக் கற்பிப்பதற்காகவோ அத்தொகுப்பிலிருந்து வெட்டியெடுத்து மற்றொருவருக்கு அனுப்பும் சில வரிகளை நிரல் எடுத்துக்காட்டு என்பர். அவ்வரிகளை எப்படி அனுப்புவது, அவற்றோடு எவற்றையெல்லாம் சொல்வது, பெற்றவர் அவற்றை எவ்வாறு கையாள்வது என்பன குறித்து நிரலாளரிடையே காலப்போக்கில் சில முறைமைகள் வேரூன்றின. தமிழுக்கு இம்முறைமைகள் வந்து சேர்ந்த வரலாற்றின் பெரும்பகுதி, மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூருக்கு வடக்கே கோலாலம்பூரிலும், நீரிணையைக் கடந்தால் தெற்கே சிங்கப்பூரிலும், அவ்விரு நகரங்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த சிட்னி, லோசான் போன்ற தொலைவூர்களிலும் 1990களில் நிகழ்ந்தது. அந்நீரிணையின் குறுக்கே 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியே வேலைக்கும் படிப்புக்கும் உறவுக்கும் அன்றாடம் போய்வந்துகொண்டிருந்த ஜொகூர்த் தமிழருக்கு அவ்விரு நகரங்களும் அயலூர்கள் அல்ல. அங்கு தீர்மானிக்கப்பட்ட எழுத்தொழுங்கே ஜொகூர் வீடுகளின் கணினித் திரைக்கும் வந்து சேர்ந்தது.

மலேசியாவில் கணினிவழிக் கடிதப் போக்குவரத்து 1980களின் பிற்பாதியில் தொடங்கியது. 1985இல் நிறுவப்பட்ட மிமோஸ் என்னும் அரசு ஆய்வு நிறுவனம், ரங்கோம் என்ற பெயரில் நாட்டின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்தது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஜொகூரின் ஸ்கூடாயில் தன் முதன்மை வளாகத்தை அமைத்துக்கொண்டதும் அதே பத்தாண்டில்தான். பின்னர் 1990களில் ஜாரிங் என்னும் இணையச் சேவை பொதுமக்களுக்கும் எட்டியபோது, தொலைபேசி வழியே இணைப்புப் பெற்று, இணைந்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம் செலுத்தி, வந்த மடல்களை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்தபின் ஆற அமர வாசிப்பது வழக்கமாயிற்று. சுருக்கமாக எழுது, தேவையற்ற கோப்பை இணைக்காதே என்னும் முதல் விதிகள் அக்கட்டணத்திலிருந்தே பிறந்தன. பெறுபவரின் காசில் தன் அலட்சியத்தைச் செலவிடுவது முறையன்று என்பதை அன்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கட்டணத்தைக் காட்டிலும் கடுமையாக இவ்வொழுங்கை வடித்தது மடல் பயணிக்கும் பொறியமைப்பு. மின்னஞ்சல் போக்குவரத்துக்கென 1982இல் வகுக்கப்பட்ட நெறி, ஒவ்வோர் எழுத்தும் ஏழு இருமக் கூறுகளுக்குள் அடங்க வேண்டும் என்றது. இருமக் கூறு என்பது சுழியம் அல்லது ஒன்று என இரண்டே மதிப்புகளைக் கொள்ளும் மிகச்சிறு தகவல் அலகு. ஏழு கூறுகளால் 128 வடிவங்களையே சுட்ட முடியும். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் முதலியவற்றைக் கொண்ட ஆஸ்கி அட்டவணை அந்த 128 இடங்களையும் நிரப்பிக்கொண்டது. நீண்ட வரிகளை இடைவழிக் கணினிகள் மடித்துவிடும். வரித்தொடக்கத்து வெற்றிடங்களைச் சில மென்பொருள்கள் விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' என்னும் சொல்லோடு ஒரு வரி தொடங்கினால், மடல்களைச் சேமிக்கும் யூனிக்ஸ் முறை அதைப் புதிய மடலின் தொடக்கம் என மயங்காதிருக்கும்பொருட்டு அதன் முன் ஓர் அம்புக்குறியை நுழைத்துவிடும். உரைநடைக்கு இவை சிறு இடையூறுகள். ஒரு புள்ளி பிசகினாலும் இயங்காத நிரலுக்கோ இவை உயிர்ச்சேதம். நிரலை வெற்று உரையாக அனுப்புதல், வரிகளைக் குறுக்குதல், எந்தப் பொறியில் எந்தப் பதிப்பில் ஓடியது என்பதைச் சொல்லுதல், முழு நிரலையும் கொட்டாமல் சிக்கல் தெரியும் அளவுக்கு மட்டும் வெட்டித் தருதல், வெட்டியது தனித்து ஓடுகிறதா என்று அனுப்புமுன் ஓட்டிப் பார்த்தல் ஆகிய பழக்கங்கள் இவ்வாறே உருவாயின. 1985இல் லாரி வால் எழுதிய 'பேட்ச்' என்னும் கருவி, மாற்றிய வரிகளை மட்டும் அனுப்பினாலே போதும் என்னும் நிலையை உருவாக்கியது. 1995 அக்டோபரில் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த இணைய நன்னடத்தைக் குறிப்பு, வரி ஒன்றுக்கு 65 எழுத்துகளுக்குள் நிறுத்துமாறும் கையொப்பத்தை நான்கு வரிகளைத் தாண்டவிடாதிருக்குமாறும் அறிவுறுத்தியது.

அதே 1995 அக்டோபரில், ஜொகூர் நீரிணையின் தென்கரையில், சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்றைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் தாங்கிய இணையத்தளத்தை அந்நாட்டின் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி. இருப்பினும் திரையில் தமிழ் தோன்றுவதும், ஒருவர் எழுதிய தமிழ் மற்றொருவர் கணினியில் அதே தமிழாகத் தோன்றுவதும் வெவ்வேறு காரியங்கள். ஏழு கூறுகளுக்குள் தமிழுக்கு இடமில்லாமையால், எட்டாவது கூற்றைச் சேர்த்துக் கிடைத்த மேல் 128 இடங்களில் ஒவ்வொரு எழுத்துரு வடிவமைப்பாளரும் தத்தம் விருப்பப்படி தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். லோசானில் வாழ்ந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவில் ஓர் இடத்தில் இருந்த எழுத்து, முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் வேறோர் இடத்தில் இருந்தது. எழுத்துரு மாறினால் 'அம்மா' என்பது பொருளற்ற வடிவங்களின் குவியலாயிற்று. வழியில் ஏதேனும் ஒரு பழைய கணினி எட்டாவது கூற்றை உதிர்த்துவிட்டால் மீட்கவே வழியில்லை. உதிர்க்காமல் காப்பதற்கென வந்த மாற்றுக்குறி முறையோ ஒவ்வோர் எழுத்தையும் சமக்குறியும் இரண்டு எழுத்துகளுமாக மூன்று மடங்கு நீட்டி, அதனைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் சமக்குறிக் காடாகக் காட்டியது.

இந்நிலையில் பலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதியே பேசிக்கொண்டனர். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது: லகரத்துக்கும் நகரத்துக்கும் சிறிய எழுத்தும், ளகரத்துக்கும் ணகரத்துக்கும் பெரிய எழுத்தும் வழங்கின. வாக்கியத் தொடக்கத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆங்கிலப் பழக்கம் அங்கே பிழையாக முடிந்தது. மேற்கோள் காட்டுவோர் ஓர் எழுத்தின் அளவைக்கூட மாற்றக்கூடாது என்னும் விதி, நிரலாளரிடம் இருந்த அதே கண்டிப்போடு தமிழ் ஆர்வலரிடமும் வந்தது. தமிழ்ச் சொல்லே நிரல் வரியின் தன்மையைப் பெற்றுவிட்ட காலம் அது என்றால் மிகையாகாது.

மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை 1990களின் நடுவில் தொடங்கிய தமிழ்.நெட், முரசு அஞ்சலைத் துணைக்கொண்டு, தமிழ் எழுத்திலேயே மடல் பரிமாறும் முதல் பெருந்திண்ணையாக அமைந்தது. எழுத்துருக்களின் பூசலைத் தீர்க்கும் முயற்சி அதிலிருந்தே கிளைத்தது. 1997, 1998 ஆண்டுகளில் மின்மடல் வழியாகவே விவாதித்து உருவாக்கிய எட்டுக்கூற்றுக் குறியேற்றம் திஸ்கி எனப்பட்டது. குறியேற்றம் என்பது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடு. இவ்விவாதத்தில் ஒரு விநோதமான இடர் இருந்தது: எதைப் பற்றிப் பேசுகிறார்களோ அதையே மடலில் எழுதிக்காட்ட முடியவில்லை. ஓர் எழுத்து எவ்வாறு சிதைகிறது என்று காட்ட அனுப்பும் எடுத்துக்காட்டு, பெறுபவரிடம் வேறுவிதமாகச் சிதைந்தது. ஆதலால் எழுத்தைச் சுட்டாமல் அதன் இட எண்ணைச் சுட்டுவதும், எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, எந்த மடல் மென்பொருள் என்று முதலில் உரைப்பதும் தவிர்க்கவொண்ணாத மரியாதைகளாயின. இகரத்தின் கதை இதற்குத் தக்க சான்று. 173ஆம் இடத்தில் அதனை வைத்தனர். அவ்விடமோ மேலைக் குறியேற்றங்களில், வரி முடிவில் சொல் உடையும்போது மட்டும் தெரியும் மறைகோட்டுக்கு உரியது. அதன் விளைவாகச் சில மென்பொருள்களில் இகரம் திரையிலிருந்தே மறைந்தது. எண்ணோடு வந்த எடுத்துக்காட்டுகள் இல்லாவிடில் இக்குறையைத் தட்டச்சுப் பிழையென்றே கருதியிருக்கக்கூடும். பிற்பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடமும் அளிக்கப்பட்டது.

சொற்களையும் குறிகளையும் கூடி முடிவுசெய்யும் மரபு ஜொகூருக்குப் புதிதன்று. சுல்தான் அபு பக்கார் ஆட்சிக்காலத்தில், 1888இல், ஜொகூர் பாருவில் தொடங்கப்பட்ட மலாய்மொழிச் சங்கம், அரசு அலுவலுக்கு வேண்டிய புதுச்சொற்களைக் கலந்தாய்ந்து ஆக்கியது. இன்று மலேசியத் தமிழரும் அன்றாடம் கேட்கும் 'செத்தியாவுசாகா' (செயலாளர்), 'பெஜாபாட்' (அலுவலகம்) ஆகிய சொற்கள் அச்சங்கத்தின் கொடையாகப் போற்றப்படுகின்றன. 'இணையம்' என்னும் சொல்லை ஆக்கியவராகக் கருதப்படும் நா. கோவிந்தசாமியும் அவருடைய சமகாலத்தவரும் செய்த பணி, நூறாண்டு கழித்து அதே நீரிணையின் மறுகரையில், வேறொரு மொழிக்காக நடந்த அதே வகைப் பணி. ஆனால் 1888ஆம் ஆண்டினரால் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து பேச முடிந்தது. திஸ்கி வகுத்தோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் காணாமலே வாதிட்டனர். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாதபோது, அனுப்பும் சான்றின் நேர்மையே பேசுபவரின் நேர்மையாகக் கொள்ளப்பட்டது.

நேரில் கூடும் வாய்ப்பும் இடையிடையே அமைந்தது. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டின் வழியே தாம், தாப் என்னும் வேறு இரு குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது. 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் எனச் சுருக்கி வழங்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூர் மாநாடு.

குறியேற்றங்கள் இவ்வாறு பெருகிய காலத்தில் எடுத்துக்காட்டின் ஒழுங்கை மிகச் சிறப்பாகக் கடைப்பிடித்த முயற்சியாக மதுரைத் திட்டத்தைக் குறிப்பிடலாம். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் ஏற்றி இலவசமாக வழங்க 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் தொடங்கிய இத்திட்டத்தின் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு முகப்போடு வந்தது. தட்டச்சுச் செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், கோப்பு எந்தக் குறியேற்றத்தில் உள்ளது, அதைக் காண எவ்வகை எழுத்துரு வேண்டும் என்பன அங்கே சொல்லப்பட்டன. முகப்பைச் சிதைக்காமல் வைத்திருக்கும் வரையில் எவரும் கோப்பைப் பிறருக்கு வழங்கலாம் என்ற அனுமதியும் அங்கேயே இருந்தது. நிரல் கோப்புகளின் தலைப்பில் ஆசிரியர் பெயரும் உரிமக் குறிப்பும் இடும் வழக்கம், சங்கப் பாடலுக்கும் சிற்றிலக்கியத்துக்கும் தமிழர் கையால் இவ்வளவு இயல்பாகப் பொருத்தப்பட்டது வியப்பும் நன்றியும் கொள்ளத்தக்கது. மூலத்தில் பெயர் இழந்த புலவர் பலரைக் கொண்ட ஓர் இலக்கியத்தில், அதனை விரல் நோகத் தட்டெழுதியவரின் பெயராவது இழக்கப்படாமல் காக்கப்பட்டது.

யூனிகோட் என்னும் உலகப் பொதுக்குறியேற்றம் பரவலான பின் எழுத்துருப் பூசல் அடங்கியது. எடுத்துக்காட்டுக்குரிய எச்சரிக்கை அடங்கவில்லை. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிக்கப்பட்டது. யூனிகோடிலோ ஒலி வரிசைப்படி முதலில் ககரமும் (2965) பின்னர் ஒகரக் குறியும் (3018) வரும். அக்குறியையே கொம்பு (3014), கால் (3006) என இரண்டாகப் பிரித்து எழுதினாலும் திரையில் அதே 'கொ'தான் தெரியும். கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் இவ்விரண்டையும் ஒப்பிடும் நிரல் பொய்த்துப்போனதைக் காட்ட, எழுத்தை மட்டும் ஒட்டி அனுப்பினால் பயனில்லை. எண்ணையும் உடன் அனுப்பியாக வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் இலக்கணத்தில் மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி. பரவலான சேமிப்பு முறையில் 15 பைட், அதாவது எட்டுக்கூற்று அலகு. ஒரு சொல்லின் நீளத்தைக் கணக்கிடும் எடுத்துக்காட்டைத் தரும் எவரும் இம்மூன்றில் எதைக் கூறுகிறார் என்று சொல்லக் கடமைப்பட்டவர். பைத்தான் மொழியில் அமைந்த ஓப்பன் தமிழ் என்னும் திறந்தமூல நிரலகம், ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் வசதியைக் கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

இணையத்தின் எண்களையும் பெயர்களையும் பதிவுசெய்யும் அமைப்பான ஐயானாவின் பட்டியலில் திஸ்கியின் பெயர் 2007இல் ஏறியது. மடலின் தலைப்பிலேயே தன் குறியேற்றம் இன்னதென்று முறைப்படி அறிவிக்கும் தகுதியை அது அப்போதுதான் பெற்றது. புது மடல்களுள் பெரும்பாலானவை அதற்குள் யூனிகோடுக்குப் போய்விட்டிருந்தன. குறியேற்றத்தை முகப்பில் எழுதிவைத்த பழைய கோப்புகளை மாற்றிகள் இன்றும் எளிதாக யூனிகோடுக்குக் கொண்டுவருகின்றன. அந்த ஒரு வரி உதிர்ந்துபோன கோப்புகளைத் திறப்பவர், மயிலையா அஞ்சலா திஸ்கியா என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, 'அம்மா' எப்போது 'அம்மா'வாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.