நுழைவும் நியமனமும்: அமெரிக்க ராணுவத் திறன் பரீட்சைகளின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தரைப்படையிலோ கடற்படையிலோ சாதாரணச் சிப்பாயாகச் சேர விரும்பும் இளைஞன், வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுவதோடு, ‘ஆஸ்வாப்’ என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் ஒரு பரீட்சையையும் எழுதியாக வேண்டும். அவன் தரும் விடைகளிலிருந்து இரு வகை எண்கள் கணிக்கப்படுகின்றன. முதலாவது, அவன் சேனைக்குள் நுழையலாமா கூடாதா என்பதைச் சொல்வது. இரண்டாவது, நுழைந்த பின் அவன் ராடார் கருவியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரியவனா, லாரி ஓட்டுவதற்கு உரியவனா, காலாட்படையில் துப்பாக்கி ஏந்துவதற்கு உரியவனா என்பதை வரையறுப்பது. ஒரே விடைத்தாளிலிருந்து கிடைப்பதால் இவ்விரண்டும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள் போலத் தோன்றினும், அவை வெவ்வேறு மனிதர்களின் வெவ்வேறு நோக்கங்களிலிருந்து தோன்றி, நெடுங்காலம் ஒன்றோடொன்று பிணங்கி, பின்னரே ஒரு கூரையின் கீழ் வந்து சேர்ந்தவை. முதல் எண்ணின் சரித்திரம் பெரும்பாலும் ஆள்தேவையின் சரித்திரம் என்பதும், இரண்டாவதன் சரித்திரமே மெய்யான அளவையின் சரித்திரம் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் முடிபு.

1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கா முதல் உலக மகாயுத்தத்தில் புகுந்தபோது, அந்நாட்டு மனோதத்துவ சங்கத்தின் தலைவராக இருந்தவர் ராபர்ட் யெர்க்ஸ். அவர் அதற்கு முன்னர் மிருகங்களின் நடத்தையை ஆராய்ந்து பெயர் பெற்றவர். தம் சாஸ்திரம் பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் நிகரான மதிப்பைப் பெற வேண்டும் என்ற ஆவல் மிக்கவர். யுத்தம் அதற்குத் தக்க தருணம் என்று கண்ட அவர், நியூ ஜெர்சியிலுள்ள வைன்லாண்டு என்னும் ஊரில் மந்தபுத்தியுள்ள குழந்தைகளுக்காக நடைபெற்றுவந்த பள்ளியில், லூயிஸ் டெர்மன், ஹென்றி கோடார்டு முதலிய அறிஞர்களைக் கூட்டி, சில வாரங்களுக்குள்ளாகவே ஒரு புதிய பரீட்சையை வகுத்தார். பிரான்சில் பினே 1905இல் அமைத்த சோதனை, ஒரு குழந்தையை ஒரு பரீட்சகர் எதிரில் உட்கார வைத்துக் கேட்பது. அதைக் கொண்டு இலட்சக்கணக்கான போர்வீரரைச் சோதிப்பது இயலாத காரியம். டெர்மனின் மாணவராகிய ஆர்தர் ஓடிஸ் என்பவர், தரப்பட்ட விடைகளுள் ஒன்றைக் குறியிட்டுத் தெரிந்தெடுக்கும் முறையை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். அம்முறையே இக்குழுவினருக்குக் கைகொடுத்தது.

இவ்வாறு பிறந்தவை எழுதப்படிக்கத் தெரிந்தவருக்கான ‘ஆல்ஃபா’, எழுத்தறியாதவருக்கும் ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்குமான ‘பீட்டா’ என்னும் இரு பரீட்சைகள். ஆல்ஃபாவில் கணக்கும் சொற்பொருளும் இருந்தன. அவற்றோடு, ‘கிரிஸ்கோ’ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று கேட்கும் வினாவும் இருந்தது. கடைத்தெரு விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவனுக்கு அது உணவுக்கான கொழுப்பு என்று தெரியும். நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு எப்படித் தெரியும்? பீட்டாவில் குறையுள்ள சித்திரங்களைப் பூர்த்தி செய்ய வேண்டும். அவற்றுள் ஒன்று வலையில்லாத டென்னிஸ் மைதானம், மற்றொன்று குழல் இல்லாத கிராமபோன். பென்சிலையே அதுவரை பிடித்தறியாத குடியானவன் ஒருவனிடம் டென்னிஸ் வலையை எதிர்பார்த்தவர்கள், தாம் அளப்பது பிறவி அறிவையே என்று உறுதியாக நம்பினார்கள் என்பது அக்காலத்து விஞ்ஞானத்தின் விநோதங்களுள் ஒன்று. சுமார் 17 இலட்சம் பேர் இச்சோதனைகளுக்கு உட்பட்டு, ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தரம் பிரிக்கப்பட்டனர். அவர்களுள் உடனே விலக்கப்பட வேண்டும் என்று மனோதத்துவிகள் சிபாரிசு செய்தவர் எண்ணாயிரத்துக்கும் குறைவே; தளகர்த்தர்களோ பல முகாம்களில் இந்த எண்களைப் புறக்கணித்தார்கள்; 1919 ஜனவரியில் இம்முயற்சி நிறுத்தப்பட்டது.

யெர்க்ஸின் பெயர் நிலைத்த அளவுக்கு நிலைக்காத மற்றொருவர் வால்டர் டில் ஸ்காட். நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையைச் சார்ந்த இவர், வியாபார நிலையங்களுக்கு நல்ல விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் உபாயங்களை ஆராய்ந்து வந்தவர். வைத்திய இலாகாவின் கீழ்ப் பணிபுரிந்த யெர்க்ஸ், ஒருவன் எவ்வளவு புத்திசாலி என்று கேட்டார். ஆட்சேர்ப்பு நிர்வாகத்தின் கீழ் அமைந்த ஸ்காட்டின் குழுவோ, ஒருவனுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டது. சேனைக்கு வந்தவன் தன்னைக் கொல்லன் என்றோ தந்தி இயக்குபவன் என்றோ சொல்லிக்கொண்டால், அவன் கற்றுக்குட்டியா, தேர்ச்சி பெற்றவனா, நிபுணனா என்பதை வாய்மொழி வினாக்களாலும் செய்கைச் சோதனைகளாலும் கண்டறிய இக்குழு தொழில்வாரியாகப் பரீட்சைகளை வகுத்தது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தகுதிச் சீட்டுகளைத் தயாரித்தது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் விசேஷப் பதக்கம் அளித்துக் கௌரவித்தது ஸ்காட்டையே என்பது, எந்தக் கேள்வி சேனைக்குப் பிரயோஜனப்பட்டது என்பதற்குப் போதிய சாட்சி.

ஆனால் பொதுமக்களின் கற்பனையைக் கவர்ந்தது யெர்க்ஸின் எண்தான். 1921இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுதி, சராசரி வெள்ளைச் சிப்பாயின் மனவயது பதின்மூன்றே என்று கூறியது. 1923இல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ல் பிரிகாம் அதே புள்ளிகளைக் கொண்டு, தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் அறிவில் தாழ்ந்தவர் என்று நூல் எழுதினார். மறு ஆண்டு அம்மக்களின் குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டத்துக்கு நூல்தான் காரணம் என்று சொல்வது மிகையாகும். அந்த வெறுப்பு முன்னரே முற்றியிருந்தது, புள்ளிவிவரம் அதற்கு ஓர் அலங்காரமாக அமைந்தது. நாட்டு மக்கள் அனைவரின் சராசரியே சராசரிக்குக் கீழாக எப்படி இருக்க முடியும் என்று பத்திரிகையாசிரியர் வால்டர் லிப்மன் கேட்டார். கறுப்பினக் கல்வியாளராகிய ஹொரேஸ் மன் பாண்டு, இலினாய், ஒகையோ முதலிய வடமாகாணங்களின் கறுப்பர், மிசிசிப்பி, ஆர்க்கன்சா முதலிய தென்மாகாணங்களின் வெள்ளையரைவிட அதிகப் புள்ளி பெற்றிருப்பதை அதே அட்டவணையிலிருந்து எடுத்துக்காட்டி, பரீட்சை அளந்தது பள்ளிக்கூடங்களையே அன்றி ரத்தத்தை அன்று என்பதைத் தெளிவாக்கினார். பிரிகாம் 1930இல் தம் முடிவுகளைத் தாமே மறுத்துக்கொண்டது அவருடைய நேர்மைக்கு அடையாளம்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் வந்த ‘பொது வகைப்பாட்டுப் பரீட்சை’, இந்தப் படிப்பினைகளை ஓரளவு மனத்தில் கொண்டது. சொற்பொருள், கணக்கு, அடுக்கிய கட்டைகளை எண்ணுதல் ஆகிய மூன்றே அதன் விஷயங்கள். சராசரி 100 ஆகவும், சிதறலின் அளவு 20 ஆகவும் அமையுமாறு எண்கள் சீரமைக்கப்பட்டன. 130க்கு மேற்பட்டவர் முதல் வகுப்பு, 110 முதல் 129 வரை இரண்டாவது என்று ஐந்து வகுப்புகள் ஏற்பட்டன. அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க 110 வேண்டும் என்பது விதி. ஒரு கோடிக்கு மேற்பட்டவர் இதை எழுதினர். எழுத்தறியாதவர்களை முதலில் தடுத்துவந்த ராணுவம், ஆட்கள் குறையத் தொடங்கியதும் தடையைத் தளர்த்தி, 1943இன் நடுவில் தனிப் பயிற்சிப் பிரிவுகளை நிறுவி, சில வாரங்களில் எழுத்தும் கணக்கும் கற்பித்தது. அப்பிரிவுகளில் நுழைந்த சுமார் மூன்று இலட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் தேர்ந்து முறையான பயிற்சிக்குச் சென்றனர்.

இக்காலத்தின் மிகச் சிறந்த சோதனை நிகழ்ந்தது தரைப்படையில் அன்று, விமானப் பகுதியில். அங்கே ஜான் பிளானகன் தலைமையில் பணிபுரிந்த மனோதத்துவிகள், கண்ணும் கையும் இசைந்து இயங்கும் வேகம், கருவிகளின் முள்ளைப் படிக்கும் திறன், இயந்திர அறிவு முதலியவற்றைத் தனித்தனியே அளந்து, விமானி, குண்டு வீசுபவன், வழி கணிப்பவன் ஆகிய ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை வெவ்வேறு மதிப்பெண் வழங்கினர். இம்மதிப்பெண்ணுக்கு உண்மையில் பொருள் உண்டா என்று அறிய, 1943இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள், பெற்ற எண் எதுவாயினும், எல்லாரும் விமானிப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். அடிமட்டத்தில் நின்றவர்கள் அநேகமாக அனைவரும் தோற்றனர். உச்சியில் நின்றவர்களுள் பெரும்பாலோர் தேர்ந்தனர். விலக்கப்பட வேண்டியவர்களையும் உள்ளே விட்டுப் பார்த்து, கணிப்பை விளைவோடு ஒப்பிட்ட இத்தகைய துணிவு பரீட்சைகளின் வரலாற்றில் மிக அரிது. யெர்க்ஸ் தம் எண்ணை நம்பினார், பிளானகன் சோதித்தார். நியமனத்துக்குரிய மதிப்பெண் என்பதற்கு உறுதியான அடிப்படை கிடைத்தது இங்கேதான்.

1950 ஜனவரியில் எல்லாப் படைகளுக்கும் பொதுவான ‘ஆயுதப்படைத் தகுதிப் பரீட்சை’ நடைமுறைக்கு வந்தது. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஒருவன் எத்தனை பேருக்கு மேலே நிற்பான் என்பதே இதன் மதிப்பெண். அந்த நூறு பேர் யார் என்றால், 1944இன் இறுதியில் சீருடை அணிந்திருந்த ஆடவர்கள். 93க்கு மேல் முதற்பிரிவு. 65 முதல் இரண்டாவது. 31 முதல் மூன்றாவது. 10 முதல் 30 வரை நான்காவது. அதற்குக் கீழ் ஐந்தாவது. கொரிய யுத்தத்தின் ஆள்தேவைக்கு இடையே 1951இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம், பத்துக்குக் கீழே பெற்றவனைச் சேர்க்கலாகாது என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் எங்கே கோடு கிழிப்பது என்பது படைகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. நான்காம் பிரிவுதான் அன்று முதல் இன்றுவரை வாதத்துக்கு இடமான பூமி.

வியட்நாம் யுத்தம் அப்பூமியை உழுதது. பாதுகாப்பு மந்திரி ராபர்ட் மக்னமாரா, 1966இல் ‘ஒரு இலட்சம் திட்டம்’ என்ற பெயரால், அதுவரை மதிப்பெண் போதாமல் திருப்பி அனுப்பப்பட்ட நான்காம் பிரிவு இளைஞர்களை ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் சேர்க்கப்போவதாக அறிவித்தார். வறுமையில் வாடும் இளைஞருக்கு ராணுவமே கல்விக்கூடமாகும் என்று அவர் விளக்கம் கூறினார். கல்லூரி மாணவருக்கு அளித்த விலக்கை நீக்காமலும், பின்படையினரை அழைக்காமலும் ஆள் திரட்டும் மார்க்கமாகவும் அது அமைந்தது என்பதை அவர் விளக்கவில்லை. 1971 முடிவதற்குள் மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் இவ்வாறு சேர்ந்தனர்; அவர்களில் ஐந்தில் இருவர் கறுப்பினத்தவர். நுழைவுக்கான கோடு தாழ்த்தப்பட்டதே ஒழிய நியமனத்துக்கான கோடு தாழ்த்தப்படவில்லை. ஆகவே மின்னியல் முதலிய தொழில்களின் கதவுகள் மூடியே இருக்க, இவர்களில் பெரும் பங்கினர் போர்முனைப் பிரிவுகளுக்கே சென்றனர். ஜானிஸ் லாரன்ஸ், பீட்டர் ராம்ஸ்பெர்கர் என்னும் ஆய்வாளர் இருவர் 1991இல் வெளியிட்ட நூல், இம்மனிதர்கள் பிற்காலத்து வாழ்க்கையில் ராணுவ சேவையால் உயர்வு பெற்றதாகக் காணவில்லை என்று தெரிவிக்கிறது. ஒருவனை உள்ளே விடும் எண்ணும் அவனுக்கு வேலை கொடுக்கும் எண்ணும் தனித்தனி என்பதை மறந்த கொள்கையின் பலன் இது. இதைக் கருணை என்று அழைப்பதற்கு என் மனம் இசையவில்லை.

1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு ஒழிந்தது. 1968 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்பட்டுவந்த ஆஸ்வாப், 1976இல் எல்லாப் படைகளுக்கும் ஒரே நுழைவுப் பரீட்சையாயிற்று. யெர்க்ஸின் கேள்வியும் ஸ்காட்டின் கேள்வியும் இதில்தான் ஒன்றாயின. ஒன்றான அக்கணமே ஒரு விபத்தும் நேர்ந்தது. புதிய வினாத்தாளைப் பழைய அளவுகோலோடு பொருத்திய கணக்கு பிழையாகி, கீழ்மட்டத்தில் நின்றவர்களின் மதிப்பெண் ஊதிப்போயிற்று. 1979இல் சேர்ந்தவர்களில் நான்காம் பிரிவினர் நூற்றுக்கு ஐந்து பேர் என்று எல்லாரும் எண்ணியிருக்க, உண்மையில் முப்பது பேர் இருந்தனர். 1976 முதல் 1980 வரை இவ்வாறு தகுதியின்றி நுழைந்தவர் மூன்று இலட்சத்துக்கு மேல். அவர்களுள் பலர் குறித்த காலத்தை ஒழுங்காகச் சேவித்து முடித்ததைக் கண்ட ஆய்வாளர்கள், நுழைவுக் கோட்டின் மகிமையைப் பற்றிச் சந்தேகம் கொண்டதில் வியப்பில்லை.

காங்கிரஸ் இதைச் சகிக்கவில்லை. சேருவோரில் நான்காம் பிரிவினர் நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது என்றும், உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவன் 31ஆவது பெற்றிருக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. அளவுகோலும் மாறியது: 1980இல் சுமார் 12,000 இளைஞரும் யுவதிகளும் பரீட்சை எழுதி, 1944இன் சிப்பாய்களுக்குப் பதிலாகப் புதிய ஒப்பீட்டுத் தொகுதியாயினர், 2004 முதல் அவ்விடத்தில் 1997இன் இளைஞர்கள் நிற்கின்றனர். பாதுகாப்பு இலாகா 1990களில் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட இலக்கு இன்னும் கடுமையானது: சேருவோரில் நூற்றுக்கு 90 பேர் பள்ளிச் சான்றிதழ் உள்ளவராகவும், 60 பேர் 50க்கு மேல் பெற்றவராகவும், நான்காம் பிரிவினர் நால்வருக்கு மேற்படாதவராகவும் இருத்தல் வேண்டும். சான்றிதழுக்கு இத்தனை மதிப்பு ஏன் எனில், மூன்றாண்டுச் சேவையை முடிப்போர் சான்றிதழ் பெற்றவருள் நூற்றுக்கு எண்பது பேர், பெறாதவருள் பாதிப் பேர் என்பது கணக்கு. மதிப்பெண் திறமையை முன்னறிவிக்கிறது, நிலைத்து நிற்கும் குணத்தையோ பள்ளிக்கூடமே முன்னறிவிக்கிறது.

இன்றைய நடைமுறையில், கணக்கு, கணித அறிவு, சொல்லறிவு, வாசித்துப் பொருள் கொள்ளல் ஆகிய நான்கு பகுதிகளிலிருந்தே நுழைவு எண் வருகிறது. விஞ்ஞானம், மின்னியல், மோட்டாரும் பட்டறையும், இயந்திர அறிவு முதலிய மற்றவை நியமன எண்களில் மட்டும் கலக்கின்றன. தரைப்படை இவற்றைப் பலவாறு கூட்டிப் பத்து எண்களை ஆக்கி, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குறைந்தபட்சம் விதிக்கிறது. நுழைவில் தேறியவன், தான் விரும்பிய தொழிலின் எண்ணில் இரண்டு குறைந்தாலும் வேறொன்றைத் தேட வேண்டியதுதான். சொல்லறிவும் கணக்கும் சேர்ந்த ‘பொதுத் தொழில்’ எண் 110 இருந்தால்தான் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்னும் விதி, இரண்டாம் உலக யுத்தகாலத்து 110 எண்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்பதைக் காட்டுகிறது. நுழைவுக் கோடோ அக்காலத்துக்குள் எத்தனையோ முறை ஏறி இறங்கிவிட்டது.

2022இல் தரைப்படை அறுபதாயிரம் பேரைத் தேடி நாற்பத்தைந்தாயிரம் பேரையே பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் தென் கரோலினாவின் போர்ட் ஜாக்ஸனில் ஓர் ஆயத்தப் பள்ளி திறக்கப்பட்டது; 21 முதல் 30 வரை மதிப்பெண் பெற்றவர்களை அழைத்து, தொண்ணூறு நாள் வரையில் கணக்கும் வாசிப்பும் கற்பித்து, மீண்டும் பரீட்சை எழுத வைத்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கோட்டைத் தாண்டினர். பிறவி அறிவு மூன்று மாதத்தில் வளர்வதில்லை ஆதலின், ஹொரேஸ் மன் பாண்டு சொன்னதை ராணுவம் தன் சொந்தச் செலவில் மறுபடி நிரூபித்துக்கொண்டது எனலாம். அதே ஆண்டு டிசம்பரில் கடற்படை வேறு வழியை மேற்கொண்டது: குறித்த தொழிலுக்கு வேண்டிய நியமன எண் இருக்குமாயின், நுழைவு எண் 10 முதல் 30 வரை பெற்றவரையும் சட்டம் இடந்தரும் இருபது சதவீதம் வரையில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. பத்துக்குக் கீழே பெற்றவனைத் தடுக்கும் 1951ஆம் ஆண்டின் வரம்பு மட்டும் இன்றுவரை மாற்றப்படவில்லை.